கமக்காரரின் காலும் கச்சேரி ஏடும்

வைத்தியசாலையை விட்டு வீடு திரும்பும் நோயாளியின் கையிலே ஓர் அட்டை கொடுக்கப்படுகின்றது. அவருக்கு வந்த நோயின் பெயர் அதிலே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அப்பெயரை வாசித்தறிய மாட்டாதார் நம்மவருட் பலர். எனினும் அன்று தொட்டு அவருடைய வாழ்வின் போக்கைப் பெரிதும் நிருணயிப்பது அந்தப் பெயர்தான். உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்தால் அந்த அட்டையைக் கேட்கின்றனர். உத்தியோகத்தில் விடுமுறை வேண்டினும் அதையே கேட்கின்றனர். காப்புறுதிப் பணம் வேண்டினும் அதையே கேட்கின்றனர். ஆனால், அவர் எத்துணைத் தூரம் நடக்க வல்லவர், குந்தியிருந்து எழும்ப வல்லவரா, ஒரு வாளி தண்ணீரைத் தூக்க வல்லவரா, நேற்றுவரை செய்த தொழிலை நாளை செய்ய வல்லவரா என்னும் கேள்விகளுக்கு அந்த அட்டையிலே விடை இல்லை.

இவற்றையெல்லாம் அளந்தறிந்தவர் ஒருவர் அதே வைத்தியசாலையில் உளர். அவரே இயன்மருத்துவர். நோயாளியை நிற்கவைத்து, நடக்கவைத்து, மூட்டின் அசைவைப் பாகையிலும் தசையின் வலுவைப் படியிலும் அளந்து அவர் எழுதிய குறிப்பு, அவருடைய அறையிலுள்ள கோப்பிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகின்றது. நோயைப் பாகுபடுத்துவதற்கு ஒரு முறையையும், இயலாமையைப் பாகுபடுத்துவதற்கு வேறொரு முறையையும் உலகம் வகுத்து வைத்திருக்கின்றது. நாமோ முதலாவதை மட்டும் கையாண்டு இரண்டாவதை அறையினுள்ளே பூட்டி வைத்திருக்கின்றோம். இதனால் நட்டப்படுகின்றவர் யார் என்பதையே இன்று எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இருவரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் கச்சேரியிலே எழுதுவினைஞர். மற்றவர் இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல் செய்யும் கமக்காரர். இருவரும் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர்கள். மிதிவெடியால் இழந்தார்களோ நீரிழிவால் இழந்தார்களோ, அஃது இங்கே பொருளன்று. நோய்களின் பத்தாவது சர்வதேசப் பட்டியலிலே இருவருக்கும் இசட் 89.5 என்னும் ஒரே குறியீடுதான். செயற்கைக்கால் பூட்டிய எழுதுவினைஞர் சீமெந்துத் தரையில் நடந்து சென்று கதிரையில் அமர்ந்து தம் தொழிலை முன்போலவே பார்க்கின்றார். கமக்காரரோ கணுக்கால் புதையும் சேற்றிலே இறங்க வேண்டும். ஓரடி அகலமும் இல்லாத வரம்பிலே மருந்துத் தாங்கியை முதுகிற் சுமந்து நடக்க வேண்டும். குந்தியிருந்து களை பிடுங்க வேண்டும். ஏட்டிலே இருவரும் ஒன்று. வாழ்விலே ஒருவர் பிழைத்தார், மற்றவர் பிழைப்பை இழந்தார். இந்த வேறுபாட்டைக் காட்டாத ஏடு எத்துணை நுட்பமானதாயினும் நம் கமக்காரருக்கு என்ன பயனைத் தரும்?

நோய்களின் பட்டியலை நாம் இகழ்கின்றோம் என்று எவரும் கருத வேண்டா. அது பெருமுயற்சியால் விளைந்த ஏடு. பிரெஞ்சு நாட்டுப் புள்ளிவிபர அறிஞர் ஜாக் பெர்த்தியோன் என்பார் 1893இல் சிக்காகோவிலே கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மன்றத்தில் மரணகாரணங்களின் பட்டியலொன்றை முன்வைத்தார். மக்கள் எந்நோயால் மாண்டனர் என்று எண்ணுவதே அதன் நோக்கம். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அப்பணியை ஏற்று ஆறாவது பதிப்பை வெளியிட்டபோதுதான், மாளாது நோயுற்றிருப்போரின் பிணிகளும் அதில் இடம்பெற்றன. பதினோராவது பதிப்பு 2022 சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. நோய் எங்கிருந்து வந்தது, எம்மருந்து கொடுப்பது, எந்தக் கொள்ளைநோய் எப்பகுதியிற் பரவுகின்றது என்பவற்றை அறிய அப்பட்டியல் இன்றியமையாதது. ஆனால் அதன் பிறப்பை மறத்தலாகாது. இறந்தோரை எண்ணுவதற்குப் பிறந்த ஏட்டிடம், இருப்போர் எவ்வாறு வாழ்கின்றனர் என்று கேட்டால் அது மௌனம் சாதிக்கின்றது.

அந்தக் குறையை நீக்கவே 1980இல் உலக சுகாதார நிறுவனம் இரண்டாவது பட்டியலொன்றைச் சோதனைக்கென வெளியிட்டது. மான்செஸ்டர் நகரத்து மூட்டுநோய் மருத்துவர் பிலிப் வுட் என்பார் அதனை ஆக்குவதில் முன்னின்றார். நோயினால் உறுப்பிலே குறை உண்டாகின்றது. குறையினால் செயலிலே இயலாமை உண்டாகின்றது. இயலாமையினால் சமுதாயத்திலே தாழ்நிலை உண்டாகின்றது. இதுவே அதன் வைப்புமுறை. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துக் காட்டியது பெரிய முன்னேற்றமே. ஆயினும் உடற்குறையுற்றோரே அதனை எதிர்த்தனர். பிரித்தானியாவிலே அவர்கள் தாமே கூடி அமைத்த சங்கமொன்று, தம்மை முடமாக்குவது தம்முடைய உடலன்று, தமக்கு வழிவிடாத சமுதாயமே என்று 1976ஆம் ஆண்டிலேயே முழங்கியிருந்தது. படிக்கட்டு மட்டும் உள்ள தபாற்கந்தோருக்குச் சக்கர நாற்காலியில் வருபவர் நுழைய முடியாதபோது, குறை அவருடைய முள்ளந்தண்டில் உளதா, கட்டடத்தில் உளதா என்று அவர்கள் கேட்டனர். நியாயமான கேள்வி.

இருபது ஆண்டுகள் நடந்த வாதத்தின் பயனாக, 2001 மே 22ஆந் திகதி உலக சுகாதாரப் பேரவை புதிய பாகுபாடொன்றை ஏற்றுக்கொண்டது. ஐ.சீ.எப். என்று சுருக்கமாக வழங்கும் அதனைத் தமிழிலே 'இயங்குநிலை, இயலாமை, உடல்நலம் ஆகியவற்றின் சர்வதேசப் பாகுபாடு' எனலாம். அதிலே 1,400க்கு மேற்பட்ட தலைப்புகள் உள. உடலின் தொழிற்பாடுகள் ஒரு பகுதி. உடலின் அமைப்பு ஒரு பகுதி. செயற்பாடும் வாழ்விற் பங்குபற்றலும் ஒரு பகுதி. சூழல் ஒரு பகுதி. நோவு உடலின் தொழிற்பாட்டிலே வரும். நடத்தல், குந்துதல், சுமத்தல், தன் உடலைத் தானே கழுவுதல், கூலிக்கு உழைத்தல் என்பன செயற்பாட்டிலே வரும். ஊன்றுகோல், வீதி, மனைவி மக்களின் துணை, அயலவரின் மனப்பான்மை, அரசாங்கத்தின் சேவைகள் ஆகியன சூழலிலே வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இடர் இல்லை என்பதற்குச் சைபரும், முற்றாக இயலாது என்பதற்கு நான்கும் இட்டுச் செல்லலாம். சூழல் இடையூறாக இருந்தாற் போலவே, துணையாக இருந்தாலும் அதனைக் குறிக்க இடமுண்டு.

இப்பாகுபாட்டிலே எமக்கு மிகவும் உவப்பான பகுதி ஒன்று உண்டு. ஒரே செயலை அது இரு முறை மதிப்பிடச் சொல்கின்றது. ஊன்றுகோலும் பிறர் கையும் இன்றி, சமமான ஓரிடத்திலே இவர் எவ்வளவு செய்ய வல்லவர் என்பது ஒன்று. தாம் வாழும் வீட்டிலும் வீதியிலும் வயலிலும், தமக்குக் கிடைக்கும் துணையோடு இவர் உண்மையில் எவ்வளவு செய்து வருகின்றார் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே செய்ய வேண்டிய வேலையைக் காட்டிவிடுகின்றது. செய்து வருவது ஆற்றலிலும் மேலாக இருந்தால், சூழல் துணைசெய்கின்றது, அத்துணையைப் பறித்துவிடாதீர்கள். ஆற்றல் இருந்தும் செய்து வருவது குறைந்திருந்தால், உடலைவிட்டு வீட்டையும் வீதியையும் பாருங்கள்.

செயற்கைக்காலின் வரலாறே இதற்குச் சான்று. மேனாட்டிலிருந்து வந்த செயற்கைப் பாதம் சப்பாத்து அணிந்து, கதிரையில் அமர்ந்து, கல்பாவிய தெருவில் நடப்பவருக்காக ஆக்கப்பட்டது. அதன் கணுக்கால் வளையாது. ஆகவே அதனை அணிந்தவர் குந்தியிருக்க முடியாது. சேற்றிலே வெறுங்காலோடு இறங்கவும் முடியாது. இந்தியாவிலே ஜெய்ப்பூர் நகரத்து வைத்தியசாலையில் அதனைப் பெற்ற கிராமத்தவர், வீட்டிற்குக் கொண்டுபோய் மூலையிலே போட்டுவிட்டுத் தடியூன்றி நடந்தனர். 1960களின் பிற்பகுதியிலே மருத்துவர் சேதியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் கூடி, இறப்பரும் மரமும் கொண்டு, வெறும் பாதம் போலவே தோன்றும் பாதமொன்றை ஆக்கினர். அதனோடு குந்தலாம், சம்மணமிடலாம், வயலில் இறங்கலாம். வெட்டுண்ட கால் அதே கால்தான். நோயின் பெயரும் அதேதான். மாறியது சூழல் ஒன்றே. மருத்துவருடன் ஒரு கைவினைஞரின் கையும் சேர்ந்தே அம்மாற்றத்தைச் செய்தது என்பதை நம் படித்த வகுப்பார் நினைவிற் கொள்வாராக. யாழ்ப்பாணத்திலே ஜெய்ப்பூரின் பெயரையே தாங்கிய நிலையமொன்று போர்க்காலத்திலும் செயற்கைக்கால் ஆக்கி வழங்கியதை வடபகுதி மக்கள் அறிவர்.

இனி, நம் இயன்மருத்துவர் கையாளும் அளவுகோல்களைப் பற்றியும் சொல்லவேண்டும். தசையின் வலுவைச் சைபர் முதல் ஐந்து வரை படியிடும் முறை இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே பிரித்தானியாவில் நிலைபெற்றது. அஃது எங்கும் செல்லும். ஏனெனில் தசை எங்கும் தசையே. ஆனால் வாழ்க்கையை அளக்கும் கோல்கள் அத்தகையன அல்ல. நாரிநோவுக்கு உலகெங்கும் பெயர்பெற்ற ஒஸ்வெஸ்ட்ரி வினாக்கொத்து 1980இல் வெளியானது. இங்கிலாந்தின் வேல்ஸ் எல்லையோரத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர் அது. பத்துப் பிரிவுகளிலே நோவின் கடுமை, தூக்குதல், நடத்தல், இருத்தல், நிற்றல், உறங்குதல், பிரயாணம் முதலியவற்றை அது கேட்கின்றது. குந்துதலைப் பற்றி அதிலே தனிப்பிரிவு இல்லை. கதிரையிலும் கட்டிலிலும் வாழும் மக்களுக்கு அது வேண்டப்படவில்லை. நம் வலிகாமத்து வெங்காயத் தோட்டத்திலே காலை முழுவதும் குந்தியிருந்து களை பிடுங்கும் பெண்ணிடம் சென்று, கதிரையில் எவ்வளவு நேரம் இருப்பீர் என்று கேட்டால், அவர் சிரிப்பார். அவருடைய மூன்று வேளைச் சோறும் குந்துதலிலே இருக்கின்றது! உலகப் பாகுபாட்டிலோ குந்துதலுக்கென்றே டி 4101 என ஒரு தலைப்பு உண்டு. குனிதலுக்கு டி 4105. ஏடு இடம் வைத்திருக்கின்றது. எழுதுவோர்தாம் எழுத வேண்டும்.

பாரிசவாதத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கவலைக்கிடமானது. கிளாஸ்கோ நகரத்து மருத்துவர் ராங்கின் 1957இல் வகுத்து, பின்னர் திருத்தப்பட்ட படிமுறையே உலகெங்கும் கையாளப்படுகின்றது. அதன் இரண்டாம் படி என்ன சொல்கின்றது? முன்பு செய்தவை அனைத்தையும் செய்ய முடியாது; ஆயினும் தம் சொந்தக் காரியங்களைப் பிறர் உதவியின்றிப் பார்த்துக்கொள்வார். இதற்கு இட்ட பெயர் 'சிறிய இயலாமை'. மருந்துகளைச் சோதிக்கும் ஆராய்ச்சிகளிலே இரண்டாம் படி வரை வந்தோரை நற்பேறு பெற்றோராகவே கணக்கிடுவது பெருவழக்கு. மருந்தைச் சோதிப்பதற்கு அது பொருந்தலாம். ஆனால் இடக்கை சற்றே வலுக்குன்றி, மண்வெட்டியை இறுகப் பிடிக்க முடியாத கமக்காரர் தாமே உண்பார், தாமே உடுப்பார், தாமே படலை வரை நடப்பார். அவர் இரண்டாம் படி. அவருடைய வயலோ தரிசாய்க் கிடக்கின்றது. 1965இல் வெளியான பார்த்தெல் அளவையும் இத்தகையதே. உண்ணல், குளித்தல், மலசலம் கழித்தல், நடத்தல், படியேறல் முதலிய பத்திலும் தேறினால் நூற்றுக்கு நூறு. தொழிலுக்கு அதிலே ஒரு புள்ளியும் இல்லை. நூறு புள்ளி பெற்றவரின் குடும்பம் பட்டினி கிடப்பதும் கூடும்.

இதற்கு நேர்மாறான தீங்கும் உண்டு. நோயின் பெயரே மனிதரை முடமாக்கிவிடுவதைச் சொல்கின்றோம். நாரிநோவுற்றவர் படம் பிடிக்கின்றார். 'தட்டுத் தேய்ந்துவிட்டது', 'எலும்பு தேய்மானம்' என்று ஒரு பெயர் சூட்டப்படுகின்றது. அன்றுடன் அவர் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பாயிற் படுக்கின்றார். உண்மை என்ன? நோவே இல்லாத மக்களைப் படம்பிடித்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரையொன்று, இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் தட்டுத் தேய்வு காணப்பட்டதாகக் கூறுகின்றது. தலைமயிர் நரைப்பது போன்றதே அது. நாரிநோவுற்றோரில் மிகப்பெரும்பாலாருக்கு இன்ன உறுப்பிலே இன்ன பழுது என்று திட்டமாகச் சொல்ல இயலாது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட முடிபு. புற்று, எலும்பு முறிவு, கிருமித்தொற்று, நரம்பு நெருக்குண்டு சலம் அடைபடல் போன்ற ஆபத்துகள் இல்லையென்று வைத்தியர் தெளிந்தபின், அந்நோயாளிக்கு வேண்டியது பயங்கரமான பெயரன்று. எவ்வளவு குனிய முடிகின்றது, எவ்வளவு தூக்க முடிகின்றது, அதனை வாரந்தோறும் எவ்வாறு கூட்டுவது என்னும் கணக்கே அவருக்கு வேண்டும். அந்தக் கணக்கை எழுதுவதற்கு உரியவர் இயன்மருத்துவர்.

எண்ணும் முறை மாறினால் நாடே மாறித் தோன்றும் என்பதற்கு நமது குடிசன மதிப்பீட்டினும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. 2001ஆம் ஆண்டு மதிப்பீட்டிலே, கை கால் கண் செவி என்று ஊனத்தின் வகையைக் கேட்டனர், நூற்றுக்கு 1.6 பேர் என்று விடை வந்தது. 2012ஆம் ஆண்டிலே, பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவிற் கொள்வதில், தம்மைத் தாமே பராமரிப்பதில், பிறருடன் பேசுவதில் இடர் உண்டா என்று கேட்டனர். ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 8.7 பேர் என்று விடை வந்தது. பதினோராண்டிலே நாட்டு மக்கள் ஐந்து மடங்கு முடமாகிவிட்டனரா? போரின் இறுதி ஆண்டுகள் இடையே வந்தன என்பதும், முதியோர் தொகை பெருகிற்று என்பதும், சிறிதளவு இடரையும் 2012இல் எண்ணினர் என்பதும் மெய்யே. ஆயினும் கேள்வி மாறியதே பெருங்காரணம் என்று கருதுகின்றோம். 'நீர் ஊனரா' என்றால் இல்லையென்பார். 'நடப்பதில் இடர் உண்டா' என்றால் ஆமென்பார். இன்னொன்றையும் மறக்கலாகாது. 2001இல் வடக்கு கிழக்கின் பெரும்பகுதியிலே மதிப்பீடு முழுமையாக நடைபெறவேயில்லை. யுத்தத்தால் மிகுதியும் ஊனமுற்ற மக்களை விட்டுவிட்டு வந்த எண் அது.

சட்டத்தையும் சற்று நோக்குவோம். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடலிலோ உளத்திலோ உள்ள குறையினால் தம் வாழ்க்கைத் தேவைகளை முழுமையாகவோ பகுதியாகவோ தாமே நிறைவேற்றிக்கொள்ள இயலாதவரையே அங்கவீனர் என்கின்றது. அங்கே நோயின் பெயர் இல்லை; இயலாமையே பேசப்படுகின்றது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமோ உறுப்புக்கு இத்தனை வீதம் என்று அட்டவணை போட்டுச் செல்கின்றது; அட்டவணையில் வராத காயத்துக்கு உழைக்கும் ஆற்றல் எவ்வளவு குன்றியது என்று கணிக்கச் சொல்கின்றது. கூடை சுமந்து மலையேறும் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு அச்சட்டம் உதவும். தன் நிலத்தைத் தானே கொத்தும் கமக்காரருக்கு உதவாது. கமக்காரருக்கென 1987இல் ஏற்பட்ட ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புத் திட்டத்திலே நிரந்தர இயலாமைக்கு இடமுண்டு. 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐக்கிய நாடுகள் சமவாயமோ, உடற்குறையும் சமுதாயத்தின் தடைகளும் ஒன்றோடொன்று மோதுவதால் விளைவதே இயலாமை என்று பகர்கின்றது. ஆகச் சட்டங்கள் பலவும் கேட்பது ஒன்று, நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் கடதாசியிலுள்ளது மற்றொன்று. இயலாமையைக் கேட்கும் சட்டத்துக்கு நோயின் பெயரைக் கொடுக்கின்றோம். இடைவெளியை மேசைக்குப் பின்னால் இருக்கும் உத்தியோகத்தர் தம் ஊகத்தால் நிரப்புகின்றார். ஊகம் நல்லதாயின் விண்ணப்பகாரருக்கு அதிர்ஷ்டம்!

எமது கருத்துக்கு மறுப்புகள் எழும். ஆயிரத்து நானூறு தலைப்புகளை யார் பார்ப்பது, வெளிநோயாளர் வரிசையோ வாசல் கடந்து நிற்கின்றது என்பர். நியாயமே. அதனாலேயே குறுகிய பட்டியல்கள் ஆக்கப்பட்டுள்ளன. பாரிசவாதத்துக்குப் பதினெட்டும் நாரிநோவுக்கு முப்பத்தைந்துமான தலைப்புகளே அவற்றில் உள. ஒரு நோயாளிக்கு அவற்றுள்ளும் பத்து எழுதினாற் போதும். வைத்தியரின் அதிகாரத்தை இயன்மருத்துவர் கவர்ந்துகொள்வார் என்று சிலர் முணுமுணுக்கலாம். அது வீண் அச்சம். நோயின் பெயரை வைத்தியர் எழுதட்டும். இயங்குநிலையை இயன்மருத்துவர் எழுதட்டும். இரண்டையும் ஒரே கடதாசியில் எழுதட்டும். ஊனர் என்பதா, அங்கவீனர் என்பதா, மாற்றுத் திறனாளி என்பதா என்று பெயரைப் பற்றி நம்மிடையே நடக்கும் வாதத்திற் செலவான நேரத்திலே பாதியை இதற்குச் செலவிட்டிருந்தால் இக்காரியம் முடிந்திருக்கும்.

ஆனால் ஒரு மறுப்பை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. இயங்குநிலையை அளத்தல் ஏழைக்குத் துணையாவது போலவே, அவனை விரட்டும் தடியாகவும் ஆகக்கூடும். ஐக்கிய இராச்சியத்தில் 2008இல் நோயின் பெயரை ஒதுக்கிவிட்டு, என்ன செய்ய முடியும் என்பதைப் புள்ளியிட்டே உதவிப்பணம் வழங்கும் முறை கொண்டுவரப்பட்டது. போதிய புள்ளி பெறாதோர் உழைக்கத் தகுதியுள்ளவர் எனத் தள்ளப்பட்டனர். மேன்முறையீடு செய்தோர் பலருக்குத் தீர்ப்பு மாறி வந்தது. நாடெங்கும் கண்டனம் எழுந்தது. கையை உயர்த்த முடிகின்றதா என்று கேட்டனர். நாள் முழுவதும் உயர்த்தி உழைக்க முடிகின்றதா என்று கேட்டாரில்லை. செலவைக் குறைக்க விரும்பும் அரசாங்கத்தின் கையிலே எந்த ஏடும் கத்தரிக்கோலாகும். இதனை உலக சுகாதார நிறுவனமே முன்னுணர்ந்து, ஒருவருக்குள்ள உரிமையை மறுப்பதற்கோ, அவருக்குச் சேரவேண்டிய உதவியைக் குறைப்பதற்கோ இப்பாகுபாட்டைக் கையாளக்கூடாது என்று ஏட்டின் பின்னிணைப்பிலே விதித்திருக்கின்றது. பின்னிணைப்பை எவர் வாசிக்கின்றனர்? ஆகவே, எழுதப்பட்ட இயங்குநிலைக் குறிப்பின் பிரதியொன்று நோயாளியின் கையிலே கட்டாயம் கொடுக்கப்பட வேண்டும் என்றும், அதனை அவர் வாசித்து மறுக்கும் உரிமை வேண்டும் என்றும் வற்புறுத்துகின்றோம். தம்மைப் பற்றி எழுதியிருப்பதை அறியாதவர் எதனை எதிர்த்து மேன்முறையீடு செய்வார்?

இங்கேதான் மொழியும் வந்து நிற்கின்றது. உலக சுகாதார நிறுவனம் இப்பாகுபாட்டைத் தனது ஆறு உத்தியோக மொழிகளில் வெளியிட்டது. தமிழ் அவற்றுள் ஒன்றன்று. அதற்காக எவர்மீதும் கோபித்துப் பயனில்லை. குறிப்பிட்ட பத்து முப்பது தலைப்புகளைத் தமிழில் எழுதிக்கொள்வதற்கு ஜெனீவாவின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டுமா? நோவு, குனிதல், குந்துதல், சுமத்தல், ஏறுதல், பிடித்தல் என்பன தமிழிலே இல்லாத சொற்களா? நோயின் பெயரைத் தமிழாக்கப் புகுந்தால் கலைச்சொல்லுக்குக் குழு வேண்டும். இயலாமையின் பெயர்களோ வீட்டிலும் வயலிலும் நாள்தோறும் வழங்கும் சொற்கள். நோயாளி தம் வாயாலே சொல்வதை அவர் சொன்ன மொழியிலேயே எழுதுவதற்கு என்ன தடை? அவ்வாறு எழுதினால் கணவருக்கு எழுதிய குறிப்பை மனைவி வாசிப்பார். தந்தைக்கு எழுதியதை மகன் வாசித்து, கிணற்றடியிலே ஒரு கைபிடியும் மலசலகூடத்திலே ஓர் உயர்ந்த இருக்கையும் அமைப்பான். அவையும் பாகுபாட்டிலே சூழல் என்னும் தலைப்பில் அடங்குவனவே, பணச்செலவு அதிகமில்லை.

கிராமத்து வைத்தியசாலைகளிற் பல மாகாணச் சுகாதாரத் திணைக்களங்களின் பொறுப்பில் உள. கொழும்பிலே புதிய சட்டம் பிறக்கும்வரை வாளாவிருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தில் அடங்கும் பத்திரமொன்றை அச்சிட்டுக் கிளினிக் கொப்பியோடு இணைக்க அத்திணைக்களங்களால் முடியும். நோயின் பெயருக்குக் கீழே, நோயாளி முன்பு செய்த தொழில் யாது என்னும் கேள்வி முதலில் வரட்டும். அடுத்து அத்தொழிலுக்கு வேண்டிய செயல்கள் ஐந்தோ ஆறோ, அவரே சொல்லக் கேட்டு எழுதப்படட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்றைய நிலை, துணையின்றி ஒன்று, துணையோடு ஒன்று என இரண்டு இலக்கங்கள். மூன்று மாதங் கழித்து மறுபடியும் இரண்டு இலக்கங்கள். கீழே இயன்மருத்துவரின் கையொப்பம். அப்பத்திரத்தைப் பிரதேச செயலகங்கள் வைத்திய அத்தாட்சியோடு ஒப்ப ஏற்கவேண்டும் என்று நம் பிரதிநிதிகள் அரசாங்கத்தாரிடம் கேட்க வேண்டும். இவ்வாரம் கிளினிக்குக்குச் செல்லும் கமக்காரரும் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. 'ஐயா, எனக்கு என்ன வருத்தம்' என்று கேட்டபின், 'நான் இன்னும் மண்வெட்டி பிடிப்பேனா, அதை எழுதித் தாருங்கள்' என்றும் கேட்கலாம்.